சத்தம் குறைந்தது, பாட்டு கேட்டது!

கார் டிக்கியில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் 12 இன்ச் ஸ்பீக்கர். பக்கத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையர். இவ்வளவு இருந்தால் போதும், கார் நடமாடும் தியேட்டர் ஆகிவிடும் என்று நம்பும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கார் சிக்னலில் வந்து நின்றால், என்ன பாட்டு ஓடுகிறது என்று பக்கத்து வண்டிக்காரருக்குத் தெரியாது. தன் வண்டிக் கண்ணாடி அதிர்வது மட்டும் தெரியும்.

சப்-ஊஃபருக்குக் கெட்ட பெயர் வந்தது இப்படித்தான். உண்மையில் குற்றம் பெட்டியின் மேல் இல்லை. அதை வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், பதமாக அமைக்க ஒரு மணி நேரம் செலவழிப்பதில்லை. கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது. புரிந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது நல்ல பாட்டு மட்டும் அல்ல.

அந்த வீட்டுப் பையனுக்கு 24 வயது. பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அப்பா ஸ்பின்னிங் மில்லில் 35 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிங் ஃப்ரேம் வரிசைகளுக்கு நடுவே மூன்று ஷிப்டிலும் மாறி மாறி நின்றவர். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றாலும் காதருகே போய்க் கத்த வேண்டிய இடம் அது. அங்கே பலரும் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். காதுக்குப் பாதுகாப்பு என்று அவர் செய்ததெல்லாம், கையில் கிடைத்த பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டதுதான். பஞ்சு அந்தச் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் உறைத்தது. டி.வி. சத்தம் வாரா வாரம் ஏறியது. "பருப்பு தீந்து போச்சுங்க" என்று அம்மா சொன்னால், "செருப்பு பிஞ்சு போச்சா?" என்று திருப்பிக் கேட்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரே விஷயத்தை நாலு தரம் கத்திச் சொல்வது அவருக்கும் அலுப்பு. நாலாவது தரமும் புரியாமல் தலையாட்டுவது இவருக்கும் அவமானம்.

கார் ஓட்டும்போதும் பிரச்னை. திருச்சி ரோட்டில் லேசாக ஒதுங்குவதற்குப் போட்ட இண்டிகேட்டர், சூலூர் தாண்டியும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் 'டிக் டிக்' அவர் காதில் விழாது. பின்னால் வருகிறவர்கள் திட்டும் ஹாரனைக் கேட்டுத்தான் அணைப்பார்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனார்கள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இடது பக்கத்தில், அதாவது தாழ்ந்த ஒலிகள் இருக்கும் இடத்தில், கோடு ஏறக்குறைய ஒழுங்காகப் போனது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றில் விழுந்ததுபோல இறங்கியது. இரைச்சலில் பல வருஷம் வேலை செய்தவர்களின் காதில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இந்த இடம்தான். 'ச', 'ஸ' போன்ற பல்லோரத்து ஒலிகளும், 'க', 'ட', 'த', 'ப' என்று எழுத்துகள் வெடிக்கும் அந்தச் சின்னத் தெறிப்பும் மங்கிவிடும். பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

அந்தச் சமயத்தில் யாரோ சொன்னார்கள் என்று மலிவான காதுக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டார். மிக்ஸி, ஃபேன், தெருவில் போகும் லாரி என எல்லாவற்றையும் அது ஒரே அளவில் தூக்கி மண்டைக்குள் கொட்டியது. இரண்டே நாளில் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார். "மில்லைத் திரும்பக் காதுக்குள்ள கொண்டாந்து வெச்ச மாதிரி இருக்குது" என்றார். அதன் பிறகு கருவி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு இளையராஜா பாட்டு. 'மூடுபனி' வந்த 1980-ல் அவர் பள்ளிக்கூடப் பையன். இளையராஜாவின் நூறாவது படம் அது. அதில் ஜேசுதாஸ் பாடும் கிடார் பாட்டை டேப் ரிக்கார்டரில் போட்டுப் போட்டு, கேசட் நாடாவே தேய்ந்துபோனது என்பார். இப்போது அந்தப் பாட்டும் அவருக்குப் பாதிதான் கேட்டது.

பையன் பழைய கார் ஒன்றை வாங்கினான். போனஸ் பணத்தில் சப்-ஊஃபரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி வைத்தான். ஆசை தனக்குத்தான். ஆனால், மனதின் ஓரத்தில் அப்பாவும் இருந்தார். சத்தம் கூடினால் அப்பாவுக்குப் பாட்டு கேட்கும் என்பது அவன் கணக்கு.

நண்பன் ஒருவன் ஒயர் இழுத்துக் கொடுத்தான். ஆம்ப்ளிஃபையரில் இருந்த திருகுகளை எல்லாம் பையனே திருப்பினான். கெயின் முழுசாக. பாஸ் பூஸ்ட் முழுசாக. 'லோ பாஸ்' என்று எழுதியிருந்த திருகும் முழுசாக. காசு கொடுத்து வாங்கியதைக் குறைத்து வைப்பானேன்?

முதல் நாள் குடும்பத்தோடு கிளம்பினார்கள். பின் சீட்டில், பெட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்த அம்மா, "முதுகுல ஒலக்கை போட்டு இடிக்கறாப்புல இருக்குது கண்ணு" என்றார். பையன் அப்பாவைப் பார்த்தான். அவர் முன் சீட்டில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கேட்டார்: "டம் டம்முனு நல்லா வருது. ஜேசுதாஸ் எங்க கண்ணு?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. தாழ்ந்த ஒலி பலமாக வரும்போது, அதற்கு மேலே உள்ள ஒலிகளை அது மூடிவிடும். காதின் அமைப்பே அப்படி. நல்ல காதுக்காரருக்கே பாஸ் மிஞ்சினால் பாடகர் பின்னால் போய்விடுவார். ஏற்கெனவே மேல் ஒலிகளை இழந்தவருக்கு அவர் காணாமலே போய்விடுவார். அப்பாவுக்காக என்று நினைத்துக் கூட்டிய சத்தம், அப்பாவிடம் மிச்சமிருந்த பாட்டையும் பறித்துக்கொண்டது.

ஆறு மாதம் அப்படியே ஓடியது. அப்பா காரில் ஏறினால் பாட்டை நிறுத்தச் சொல்லிவிடுவார். ஒருநாள் சாயங்காலம் டிக்கியிலிருந்து கருகல் வாடை வந்தது. பயந்துபோன பையன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் பக்கம் உள்ள ஒரு கார் ஆடியோ கடைக்கு வண்டியைக் கொண்டுபோனான். சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவும் கூட வந்தார்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். டேப் ரிக்கார்டர் ரிப்பேரில் தொடங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவர். டிக்கியைத் திறந்தவர் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கவில்லை. முதலில் பானட்டைத் திறக்கச் சொல்லி, பேட்டரியிலிருந்து போகும் சிவப்பு ஒயரைத் தடவிக்கொண்டே போனார்.

"ஃபியூஸ் எங்கீங்க தம்பி?"

"டிக்கில, ஆம்ப் பக்கத்துலங்கண்ணா."

"போச்சு. பேட்டரில இருந்து ஒண்ணரை அடிக்குள்ள இருக்கணுங்க. இந்த ஒயரு வண்டி நீளத்துக்கும் ஓடுது. நடுவுல எங்கயாச்சும் தகரத்துல உரசித் தோல் உரிஞ்சுதுன்னா, டிக்கில இருக்கற ஃபியூஸ் என்ன பண்ணும்? ஒயரு பத்தி எரியும்."

பாட்டு நன்றாக இல்லை என்று வந்த இடத்தில், வண்டியே எரிந்திருக்கலாம் என்று தெரிந்தது. ஃபியூஸை பேட்டரி பக்கத்துக்கு மாற்றினார். எர்த் ஒயர் பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. பெயின்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு அதன் மேல் முடுக்கினார். பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரும் கரன்ட் ஒயரும் ஒரே பக்கமாக ஒட்டி ஓடின. அதைப் பிரித்து, கரன்ட் இடது பக்கம், பாட்டு வலது பக்கம் என்று விட்டார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் வந்த 'ஙொய்ய்' என்ற முனகல் அதோடு நின்றது.

அடுத்தது வாட்ஸ் கணக்கு. "பெட்டி மேல 1,000 வாட்ஸ்னு போட்டிருந்துதுங்கண்ணா" என்றான் பையன்.

"அது கண்ணு சிமிட்டற நேரத்துக்குத் தாங்கற கணக்குங்க. நின்னு வேலை செய்யற கணக்கு ஆர்.எம்.எஸ்.னு சின்ன எழுத்துல இருக்கும் பாருங்க. 250."

அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது புரிந்தது. "மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப இழுக்கற கரன்ட்டும் ஓடறப்ப இழுக்கறதும் ஒண்ணா கண்ணு?" என்று மகனிடம் கேட்டார். கடைக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். "அண்ணன் மில்லுங்களா?" என்றார். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மில்லில் வேலை செய்த ஊர்க்காரர்களோடு பழகியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு கெயின். பெரும்பாலோர் இதை வால்யூம் என்று நினைத்துத் திருப்புகிறார்கள். அது வால்யூம் அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்திவைக்கும் திருகு. சில ஸ்டீரியோ 2 வோல்ட் அனுப்பும், சில 4 வோல்ட் அனுப்பும். அதற்கு ஏற்றபடி இதைத் திறக்க வேண்டும். "குடத்துக்கு மேல ஊத்துனா குடம் பெருசாகாதுங்க தம்பி, தரைதான் நனையும்" என்றார் கடைக்காரர். ஆம்ப்ளிஃபையர் தன்னால் முடிந்த உயரத்துக்கு மேல் அலையைத் தூக்க முடியாமல், அதன் தலையை மொட்டையடித்து அனுப்புகிறது. 'கிளிப்பிங்' என்பது இதுதான். உருண்டையாக இருக்க வேண்டிய அலை தட்டையாக வரும்போது ஒலி கரகரக்கிறது. ஸ்பீக்கரின் காயில் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அந்தக் கருகல் வாடை வந்தது அங்கிருந்துதான்.

அவர் கெயின் வைத்த முறையை வீட்டிலேயே யாரும் செய்யலாம். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். 'லவுட்னஸை' அணைத்தார். ஆம்ப்ளிஃபையரில் பாஸ் பூஸ்டை அடியோடு குறைத்தார். கெயினைக் கீழே இறக்கி, சப்-ஊஃபர் ஒயரைக் கழற்றினார். 40 வரை போகும் வால்யூமை 30-ல் நிறுத்தினார். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஒயர் கழற்றிய முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்தார்.

எத்தனை வோல்ட் வர வேண்டும்? இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். 250 வாட்ஸை ஸ்பீக்கரின் 4 ஓமால் பெருக்கினால் 1,000. அதன் வர்க்கமூலம் 31.6. மல்டிமீட்டர் 31.6-ஐக் காட்டும்வரை கெயினை மெதுவாகத் திறந்தார். திருகு பாதியைக்கூட எட்டவில்லை. அங்கேயே ஒரு டேப்பை ஒட்டி, பேனாவால் கோடு போட்டார்.

"பூஸ்ட் வேண்டாங்களா?" என்று பையன் இழுத்தான்.

"12 டெசிபல் பூஸ்ட் வெச்சீங்கன்னா அந்த இடத்துக்கு மட்டும் 16 மடங்கு பவர் வேணுங்க. உங்க ஆம்ப்ல அது இருக்குதுங்களா?"

பையன் பேசவில்லை.

மூன்றாவது திருகுதான் ஜேசுதாஸைத் திரும்பக் கொண்டுவந்தது. 'லோ பாஸ் ஃபில்டர்' என்பது, இந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் சப்-ஊஃபருக்கு விடு என்று சொல்லும் கதவு. பையன் அதை முழுசாகத் திறந்து வைத்திருந்ததால், ஆண் குரலின் அடிப்பகுதி தொடங்கும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியும் டிக்கிக்குள் போய்விட்டது. பாடகரின் தலை முன் கதவு ஸ்பீக்கரிலும் வயிறு பின்னால் டிக்கியிலுமாகக் கிடந்தது. கடைக்காரர் கதவை 80 ஹெர்ட்ஸில் வைத்தார். கதவு ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிராக, 80-க்குக் கீழே உள்ளதை அனுப்பாதே என்று ஸ்டீரியோவில் 'ஹை பாஸ்' போட்டார். இனி யார் வேலையை யார் செய்வது என்பதில் குழப்பம் இல்லை. நாலு தந்தி பாஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அது பெட்டியின் பொறுப்பு. குரல் கதவுகளின் பொறுப்பு. 80-க்குக் கீழே வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் டிக்கியில் இருக்கும் பாஸும் முன்னாலிருந்தே வருவதுபோல இருக்கும்.

பெட்டியில் காற்றுத் துளை இருந்ததால் 'சப்சானிக் ஃபில்டர்' ஒன்றையும் 28 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தார். துளை வைத்த பெட்டியில், அது வடிவமைக்கப்பட்ட அளவுக்குக் கீழே போனால் ஸ்பீக்கர் காகிதத்துக்குப் பிடிமானம் போய்விடும். சத்தம் வராமல் சும்மா எம்பி எம்பிக் கிழியும்.

இன்னும் ஒரே ஒரு சின்ன ஸ்விட்ச் பாக்கி. 'ஃபேஸ்', 0 அல்லது 180. முன் ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும் அதே நேரத்தில் சப்-ஊஃபர் பின்னால் இழுத்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எது சரி என்று புத்தகம் சொல்லாது. சீட்டில் உட்கார்ந்து கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணா, நீங்க உக்காருங்க" என்றார் கடைக்காரர்.

பையனுக்கு வியப்பு. "அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காதுங்கண்ணா."

"மேலதானுங்க கேக்காது? கீழ என்னைவிட நல்லாவே கேக்கும். மில்லுக்காரங்களை எனக்குத் தெரியும்."

பரிசோதனைக் கூடத்து வரைபடத்தின் இடது பக்கத்துக் கோடு சொன்னதும் அதுதான். ஆனால், வீட்டில் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. அவர் எதை இழந்தார் என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

அப்பா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். 80 ஹெர்ட்ஸ் ஒலி ஓடியது. கடைக்காரர் ஸ்விட்சை மாற்றி மாற்றிப் போட்டார். மூன்று தரமும் அப்பா ஒரே இடத்தில் கை தூக்கினார். "இதுல கெட்டியா இருக்குது. அதுல சவசவன்னு போகுது."

பிறகு பாட்டு. பாட்டில் ஏதோ ஓர் இடத்தில் 'கிர்ர்' என்று சேர்ந்து வந்தது. பையனும் கடைக்காரரும் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டார்கள். அப்பா இறங்கிப் போய், காரின் பின்பக்கம் ஒவ்வோர் இடமாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்திருந்தால் அந்த இரைச்சலுக்கு நடுவிலும் விரல் நுனியால் தொட்டுக் கண்டுபிடித்த கை அது. நம்பர் பிளேட்டில் ஒரு நொடி நின்றது. பிறகு ஸ்டெப்னி மூடிக்குள் போய், தளர்ந்து கிடந்த ஜாக்கியை எடுத்து நீட்டியது. ஜாக்கியைத் துணியில் சுற்றிக் கட்டி, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப் ஒட்டியதும் 'கிர்ர்' போய்விட்டது. வீட்டிலும் சரி, காரிலும் சரி, 'பாஸ் சரியில்லை' என்று நினைப்பதில் பாதி இப்படி எதுவோ ஆடுகிற சத்தம்தான்.

கடைசியாக, வால்யூம் 18-ல் அந்த 'மூடுபனி' பாட்டு. கிடார் தொடங்கியது. அதற்கு அடியில் பாஸ் தனியாக ஒரு ராகம் பாடிக்கொண்டு நடந்தது. அதன் மேல் குரல் வந்து உட்கார்ந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

கூலி வாங்கும்போது கடைக்காரர் பையனிடம் ஒரு விஷயம் சொன்னார். "ரோட்ல போறப்ப பாஸ் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும். டயர் இரைச்சல் அதே இடத்துலதானுங்க வந்து மூடும். அதுக்காக கெயின்ல கையை வெக்காதீங்க. ஸ்டீரியோல சப் லெவல் ஒண்ணோ ரெண்டோ கூட்டுங்க, போதும்." மெதுவாகக் கேட்கும்போதும் பாஸ் குறைந்ததுபோலத் தோன்றும். சத்தம் குறையும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் மங்குகின்றன என்பதை 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். பாஸ் பைத்தியம் பிடித்து எல்லோரும் திருகைத் திருப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாதான் பேச்சைத் தொடங்கினார். "அந்தத் தம்பி சத்தத்தைக் குறைச்சுதான கண்ணு எனக்குக் கேக்க வெச்சாரு?"

"ஆமாங்கப்பா."

"அப்ப என் காதுல வெச்ச மெஷினும் கெயின் தப்பா வெச்சதுதானோ?"

பையன் வண்டியை ஓரம் கட்டினான். இரண்டு வருஷமாக வீட்டில் யாரும் எடுக்க முடியாத பேச்சை அவரே எடுத்திருந்தார்.

அவர் சொன்னது முக்கால்வாசி சரி. காதுக் கருவியும் ஓர் ஆம்ப்ளிஃபையர்தான். மலிவான கருவிகள் பல, வருகிற எல்லா ஒலியையும் ஒரேயடியாகத் தூக்குகின்றன. காதைப் பரிசோதித்துப் பொருத்தும் டிஜிட்டல் கருவி அப்படி அல்ல. எந்த ஒலிப் பகுதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற வரைபடத்தைக் கணினியில் போட்டு, அந்தப் பகுதியை மட்டும் அந்த அளவுக்கு உயர்த்துகிறார்கள். நன்றாகக் கேட்கும் பகுதியைத் தொடுவதில்லை. ஒரே நாளில் முடிகிற வேலையும் அல்ல. போட்டுப் பழகி, இது குத்துகிறது, அது பத்தவில்லை என்று சொல்லச் சொல்ல, இரண்டு மூன்று முறை திருத்துவார்கள். ட்யூனிங் என்ற சொல் அங்கேயும் அதே பொருளில்தான் வருகிறது. போன செவித்திறனை அது திருப்பித் தராது. இருப்பதை வைத்துக் கேட்க உதவும்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவே செவித்திறன் நிபுணரிடம் போனார். நிபுணராக இருந்த இளம்பெண் கணினியில் கோடுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது, "கீழ எதையும் ஏத்த வேண்டாம் சாமி, அது எனக்கு நல்லாவே இருக்குது" என்றாராம். இந்த வயதில் இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் குறைவு என்று அந்தப் பெண் சிரித்தாராம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. தட்டு உரசுவது, காகிதம் கசங்குவது எல்லாம் ஊசிபோல ஏறின. மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு பழகிவிட்டது. இப்போது இண்டிகேட்டரை அவரே அணைக்கிறார்.

அதற்குப் பிறகு அவருடைய கவலை மகன் பக்கம் திரும்பியது. "ஸ்பீக்கர் கருகுனா இன்னொண்ணு வாங்கிக்கலாம் கண்ணு. எங்காது கருகி முப்பது வருஷம் ஆகியிருக்கும். எனக்கே தெரியல" என்றார். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள்தான் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. மனிதருக்கு அவை ஒரு முறை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் காரில் 90-ஐத் தாண்டிக் கேட்கிறவர், வாரம் முடிவதற்குள் அந்த அளவைக் கடந்துவிடுகிறார். காரைவிட்டு இறங்கும்போது காதில் 'ஙொய்' என்று இரைந்தால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை.

மற்றவர்கள் காதுக்கும் கணக்கு உண்டு. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதுதான் அளவு. பாஸ் ஒலியின் அலை நீளமானது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். சின்ன காரைவிட நீளம். கதவு, கண்ணாடி, சுவர் எதுவும் அதைச் சுலபமாகத் தடுக்காது. பாட்டு கார் கண்ணாடிக்குள் நின்றாலும், இடி பக்கத்து வீட்டுத் தொட்டில் வரை போகும். பையன் இப்போது இரவு தெருமுனை திரும்பும்போதே சப்-ஊஃபரை அணைத்துவிடுகிறான்.

கடைக்காரர் பேனாவால் போட்ட கோடு ஆம்ப்ளிஃபையரில் அப்படியே இருக்கிறது. வால்யூம் 18-ஐத் தாண்டுவது அபூர்வம். போன மாதம் மூன்று பேரும் பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வழி நெடுக இளையராஜாதான். பின் சீட்டிலிருந்து அம்மா, மொய் எவ்வளவு எழுதுவது, யார் யார் வருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் என்று பேசிக்கொண்டே வந்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பாட்டை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.